பிரம்பில்லாப் பள்ளி: எழும்பூர் முதல் செயல்வழிக் கற்றல் வரை

சிறு குழந்தைகளை அடிக்காமலும் அவமானப்படுத்தாமலும் ஒழுங்குக்குக் கொண்டுவரும் முயற்சிகளுக்குத் தமிழகத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1789-க்குப் பின் எழும்பூர் அனாதை விடுதியில் ஆண்ட்ரூ பெல் செய்த சோதனை, 1939-இல் அடையாறில் மரியா மாண்டிசோரி தொடங்கிய ஆசிரியர் பயிற்சி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் ஆகிய மூன்றும் இதன் முக்கியமான கட்டங்கள். இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. வகுப்பில் குழந்தை செய்யும் வேலை மாறிய இடங்களில் பிரம்புக்குத் தேவை குறைந்தது. விதி மட்டும் மாறிய இடங்களில் பிரம்பு மேசைக்கு அடியில் போனது.

திண்ணைப் பள்ளியின் தண்டனைகள்

திண்ணைப் பள்ளியில் கல்வி மணலில் தொடங்கியது. தரையில் பரப்பிய மணலில் குழந்தை விரலால் எழுத்தை எழுதி, உரக்கச் சொல்லிப் பழகும். அதன் பிறகே ஓலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி எல்லாமே மனப்பாடம். பெரிய பையன்களில் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்தான். ஆசிரியர் எழுந்து போனால் பள்ளி அவன் கையில். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் அவன். அவர்களை அடக்கி வைத்தவனும் அவனே.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். 1826-இல் தொகுக்கப்பட்ட அந்தக் கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். மாணவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. ஒரு பள்ளிக்குச் சராசரி பதினைந்து பிள்ளைகள். கூட்டம் தாங்காமல்தான் ஆசிரியர்கள் அடித்தார்கள் என்ற சமாதானம் இந்த எண்ணிக்கைக்கு முன் நிற்காது.

மன்றோவுக்குப் பதில் எழுதியவர்களில் பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. காம்பெல் பள்ளியின் ஒரு நாளை விரிவாக விவரித்தார். 1823-ஆம் ஆண்டின் அந்த அறிக்கையில் காலை வருகையைப் பற்றிய பகுதி புகழ்பெற்றது. முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி; அவனுக்குப் பாராட்டும் இல்லை, கண்டனமும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருபவனுக்கு ஒவ்வொன்று கூடுதல். பதினைந்து பேர் உள்ள பள்ளியில் கடைசியாக வருபவன் பதின்மூன்று அடி வாங்குவான். ஒருவனும் தாமதமாக வராத நாளிலும் யாராவது ஒருவன் கடைசியாக வந்துதானே ஆகவேண்டும்! இந்த முறையில் அடி குற்றத்துக்கான தண்டனையே அல்ல. அது பள்ளி தொடங்கும் மணியோசை போன்ற அன்றாடச் சடங்கு.

சோம்பேறிப் பையன்களைப் பிரம்பால் அடிப்பது, இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவது, ஓயாமல் உட்கார்ந்து எழச் செய்வது ஆகியவற்றையும் காம்பெல் பதிவு செய்தார். உட்கார்ந்து எழுவது மிகுந்த வலி தருவது என்றாலும் உடல்நலத்துக்கு ஒருவேளை நல்லதாக இருக்கலாம் என்றும் எழுதினார். தோப்புக்கரணத்தை மூளைக்கான பயிற்சியாகப் பரிந்துரைப்போருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கலெக்டரின் ஆதரவு இருந்திருக்கிறது.

தமிழ் அகராதிகளில் இத்தண்டனைகளின் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. பிள்ளையை உத்தரத்துக் கயிற்றில் தொங்கவிடுவது கோதண்டம். இராமனின் வில்லுக்கு உரிய பெயர்தான் இதற்கும். ஒரு காலைத் தூக்கிக் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவது அண்ணாந்தாள். ஒரு செயலுக்குத் தனிப்பெயர் அமைகிறது என்றால் அது அடிக்கடி நடந்தது என்று பொருள். பெற்றோரும் இதை எதிர்க்கவில்லை. பிள்ளையைப் பள்ளியில் விடும்போது கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று வாத்தியாரிடம் சொல்வது வழக்கமாக இருந்தது. முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பது பழமொழி. அடியாத மாடு படியாது என்பது இன்னொன்று.

எனினும் திண்ணைப் பள்ளியைக் கொடுமைக்கூடம் என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடியாது. அங்கே இன்றைய பொருளில் வகுப்புகள் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படித்தது. அரிச்சுவடி முடித்தவன் அடுத்த சுவடிக்குப் போனான், முடிக்காதவன் மணலிலேயே இருந்தான். கையால் எழுதி, காதால் கேட்டு, வாயால் சொல்லி ஓர் எழுத்து மனத்தில் பதிந்தது. பின்னாளில் வந்த சீர்திருத்தவாதிகள் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொன்னவற்றில் சில ஏற்கனவே அந்தத் திண்ணையில் இருந்தன. சிக்கல் மணலைத் தாண்டிய பிறகு வந்தது. பொருள் விளங்காத செய்யுளை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க ஆறு வயதுப் பிள்ளைக்குத் தானாக ஒரு காரணமும் இல்லை. அந்தக் காரணத்தைப் பிரம்பு கொடுத்தது.

எழும்பூரின் கறுப்புப் புத்தகம்

காம்பெல் எழுதுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் ஒருவர் இதே திண்ணைப் பள்ளியைப் பார்த்து வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1753-இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் 1787-இல் சென்னை வந்த பாதிரியார். 1789-இல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அனாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். அந்தப் பணிக்குச் சம்பளம் வாங்க மறுத்தார். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்து, தந்தையை இழந்த அல்லது தந்தையால் கைவிடப்பட்ட பையன்கள் அங்கே வளர்ந்தனர்.

ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பெல் பார்த்தார். அந்தப் பள்ளியை அவர் மலபார் பள்ளி என்று குறிப்பிட்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழரை மலபார் என்றே அழைத்தனர். விடுதிக்குத் திரும்பியதும் கடைசி வகுப்பில் மணலில் எழுத்துக் கற்பிக்கச் சொன்னார். அங்கிருந்த துணை ஆசிரியர்கள் அதை விரும்பவில்லை. எனவே ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். பையன் அதைச் செய்து காட்டினான். அதன் பிறகு மற்ற வகுப்புகளும் பையன்களின் கைக்கு மாறின. சட்டாம்பிள்ளை முறை இவ்வாறு ஆங்கிலம் பேசத் தொடங்கியது.

பெல்லின் முறையில் பாடம் சொல்லும் விதத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஒழுங்கைக் கையாண்ட விதம் அதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. விடுதியில் ஒரு கறுப்புப் புத்தகம் இருந்தது. பையன்கள் செய்யும் தவறுகள் நடந்த அன்றே அதில் எழுதப்பட்டன, தண்டனை உடனே தரப்படுவதில்லை. வாரம் ஒரு நாள் அனைவரும் கூடியிருக்கும்போது புத்தகம் படிக்கப்படும். குற்றம் சாட்டப்பட்டவனின் வழக்கைப் பையன்களிலிருந்தே எடுக்கப்பட்ட ஒரு நடுவர் குழு விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். அடிக்கும் தேவை இதனால் மிகக் குறைந்தது என்பது பெல்லின் கூற்று.

இந்த முறையில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. ஒன்று, தவறுக்கும் தண்டனைக்கும் நடுவில் சில நாட்கள் வந்துவிடுகின்றன. ஆசிரியரின் கோபம் அதற்குள் தணிந்துவிடும். மற்றது, தீர்ப்புச் சொல்பவன் அடுத்த வாரம் தானும் அந்தப் புத்தகத்தில் இடம்பெறக்கூடும் என்பதை அறிந்தவன். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் திங்கட்கிழமை செய்த குறும்பு சனிக்கிழமை நினைவில் இருக்குமா என்ற கேள்வியைப் பெல் எழுப்பிக்கொண்டதாகத் தெரியவில்லை. பிரம்பின் இடத்தில் அவர் வைத்தது போட்டி. நன்றாகப் படிப்பவன் வரிசையில் முன்னே போவான், பின்தங்குபவன் இறங்குவான். வலி உடலிலிருந்து மனத்துக்கு இடம்பெயர்ந்தது என்றும் இதைச் சொல்லலாம்.

1796-இல் சென்னையை விட்டுச் சென்ற பெல் அடுத்த ஆண்டு லண்டனில் தன் சோதனை பற்றிய நூலை வெளியிட்டார். இங்கிலாந்தில் இதே போன்ற முறையை நடத்திய ஜோசப் லங்காஸ்டரும் பிரம்பை எதிர்த்தவர்தான். அவர் பிரம்புக்குப் பதிலாகப் பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிட்டார், கூடையில் உட்காரவைத்துக் கூரைக்கு ஏற்றினார். கோதண்டத்துக்கும் அந்தக் கூடைக்கும் இடையே உள்ள தூரம் அதிகமில்லை. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் தேசியச் சங்கம் பெல்லின் முறையை ஏற்றது. 1832-இல் அவர் இறந்தபோது ஆயிரக்கணக்கான பள்ளிகள் அதன்படி நடந்தன. அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் தொடங்கப்பட்ட பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது. எழும்பூரின் கறுப்புப் புத்தகத்தை சென்னைப் பள்ளிகள் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு அடி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திண்ணைப் பள்ளிகள் மறைந்து அரசின் உதவி பெறும் பள்ளிகள் பெருகின. மணல் போய்ப் பலகை வந்தது. பெஞ்சு, மணி, வகுப்புப் பிரிவு, இன்ஸ்பெக்டர் எல்லாம் வந்தன. தன் வேகத்தில் படிக்கும் வசதி போனது, பிரம்பு மட்டும் பழைய பள்ளியிலிருந்து புதிய பள்ளிக்கு வந்து சேர்ந்தது.

அரசு பிரம்பைத் தடை செய்யவில்லை, அளந்து கொடுத்தது. சென்னைக் கல்வி விதிகளின் 51-ஆவது விதி பொதுவாக உடல் தண்டனை கூடாது என்று தொடங்கி விதிவிலக்குக்குப் போகும். வேண்டுமென்றே பொய் சொல்லுதல், ஆபாசமான சொல் அல்லது செயல், வெளிப்படையாகக் கீழ்ப்படிய மறுத்தல் போன்ற ஒழுக்கக் குற்றங்களுக்குத் தண்டனை தரலாம். கையில் மட்டும், ஆறு அடிக்கு மேல் போகக்கூடாது. தலைமை ஆசிரியரே அடிக்க வேண்டும், அல்லது அவர் முன்னிலையில் அடிக்க வேண்டும். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பாதுகாவலரின் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்யப்படும் செயலை 89-ஆவது பிரிவில் குற்றமாகக் கருதவில்லை. அடித்த ஆசிரியர்களுக்கு இப்பிரிவு நீண்ட காலம் அரணாக இருந்தது.

விதியைப் படித்தால் அது கவனமாக எழுதப்பட்டது போலத் தோன்றும். வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாததற்கு அடிக்க அதில் இடமே இல்லை. நடைமுறையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாங்கிய அடிகளில் பெரும்பகுதி வாய்ப்பாட்டுக்காகவும் கையெழுத்துக்காகவும்தான். தமிழகத்தின் பல தலைமுறைகளுக்கு இதைச் சொல்ல எந்த ஆவணமும் தேவையில்லை.

டால்ஸ்டாய் பண்ணையின் உருளைத்தடி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்களில் காந்தியும் ஒருவர். தென்னாப்பிரிக்காவில் ஜொகனஸ்பர்க் அருகே 1910-இல் தொடங்கப்பட்ட டால்ஸ்டாய் பண்ணையில் சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் தங்கின. அவர்களில் தமிழர் கணிசமானோர். போப்பின் தமிழ்க் கையேட்டை வைத்துத் தான் கற்ற கொஞ்சம் தமிழைக் கொண்டு காந்தி அப்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். குழந்தைகளை அடிப்பதை எப்போதும் எதிர்த்தவர் அவர். ஆயினும் பொய்யும் சண்டையுமாக இருந்த ஒரு பையனை ஒரு நாள் கோல் ஒன்றை எடுத்துக் கையில் அடித்துவிட்டார். பையனுக்குப் பதினேழு வயது, திருப்பி அடிக்கும் உடல்வலு உள்ளவன். ஆனால் அழுது மன்னிப்புக் கேட்டான். அடித்தபோது தன் உடல் நடுங்கியது என்றும், பையன் அழுதது வலியால் அல்ல, தன் வேதனையைப் பார்த்துத்தான் என்றும் காந்தி தன் சுயசரிதையில் எழுதினார். அந்த அடி பலன் தந்தது போலத் தோன்றியும் அவர் அதைத் தன் வெற்றியாகச் சொல்லவில்லை. தன்னுள் இருந்த மிருகத்தையே அவனுக்குக் காட்டிவிட்டதாக வருந்தினார். பிறகு யாரையும் அடிக்கவில்லை. அடித்தால் திருந்தும் என்போர் பொதுவாகக் கதையின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

1931-இல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்றபோது காந்தி மரியா மாண்டிசோரியைச் சந்தித்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மாண்டிசோரி சென்னைக்கு வந்தார்.

அடையாறு

இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லொரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே அவர் கண்ட ஒரு காட்சி பிற்காலத்தில் அவருடைய கொள்கையின் அடையாளமாக ஆனது. ஒரு பிள்ளைக்குப் பரிசாக வெள்ளிச் சிலுவை அணிவிக்கப்பட்டிருந்தது. இன்னொரு பிள்ளை தண்டனையாக அறையின் நடுவில் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்தது. பரிசு பெற்ற பிள்ளை பொருட்களை எடுப்பதும் வைப்பதுமாக வேலையில் மும்முரமாக இருந்ததில் சிலுவை கீழே விழுந்தது. தண்டனை பெற்ற பிள்ளை அதை எடுத்துக் காட்டியபோது இது தனக்கு வேண்டாம் என்று மற்றது வேலைக்குத் திரும்பியது. தண்டனை பெற்ற பிள்ளை சிலுவையைத் தானே அணிந்துகொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. வேலையில் ஆழ்ந்த குழந்தைக்குப் பரிசும் பொருட்டல்ல, தண்டனையும் தேவையில்லை என்று மாண்டிசோரி இதிலிருந்து முடிவுசெய்தார்.

ருக்மிணி தேவியும் அவருடைய கணவரும் தியாசபிகல் சொசைட்டியின் தலைவருமான ஜார்ஜ் அருண்டேலும் அழைத்ததன் பேரில் மாண்டிசோரி 1939 நவம்பரில் தன் மகன் மரியோவுடன் சென்னை வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அடையாறில் ஓலைக் குடில்களில் பயிற்சி நடந்தது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் முந்நூறு பேர் சேர்ந்தனர். மாண்டிசோரி இத்தாலிய மொழியில் பேசினார், மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆயினர். மரியோ சிறைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மாண்டிசோரி அடையாறு வளாகத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவானது. ஆகஸ்ட் 31 அன்று அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு வைஸ்ராயின் பரிசாக மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர் கொடைக்கானலில் தங்கியிருந்த ஆண்டுகளில் பெரிய குழந்தைகளுக்கான பாடமுறையை இருவரும் வளர்த்தனர். 1946-இல் ஐரோப்பா திரும்பி, அடுத்த ஆண்டு மீண்டும் வந்து, 1949 வரை இங்கே பணியாற்றினார். 'குழந்தையின் கண்டுபிடிப்பு' என்று பொருள்படும் நூலை 1948-இல் கலாக்ஷேத்ரா பதிப்பகமும், 'உட்கிரகிக்கும் மனம்' என்று பொருள்படும் நூலை 1949-இல் அடையாறு தியாசபிகல் பதிப்பகமும் ஆங்கிலத்தில் வெளியிட்டன. உலகம் முழுக்கக் குழந்தைக் கல்வியில் மேற்கோள் காட்டப்படும் இந்நூல்கள் சென்னையில் அச்சானவை என்பது தமிழகத்திலேயே பரவலாகத் தெரியாது.

இந்தியாவில் ஆற்றிய உரைகளிலிருந்து உருவான இரண்டாவது நூலில் கீழ்ப்படிதலைப் பற்றிய பகுதி முக்கியமானது. கீழ்ப்படிதல் மூன்று படிகளில் வளர்கிறது என்றார் மாண்டிசோரி. முதல் படியில் குழந்தை சில நேரம் சொன்னதைச் செய்யும், சில நேரம் செய்யாது. தன் உடலையும் மனத்தையும் ஆளும் திறன் அதற்கு இன்னும் உறுதிப்படவில்லை. இரண்டாம் படியில் எப்போது சொன்னாலும் செய்ய முடியும். மூன்றாம் படியில் தானே விரும்பிச் செய்யும், அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை நேற்றுச் சொன்னவுடன் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தது, இன்று வைக்கவில்லை. நேற்றுச் செய்தாய் அல்லவா, இன்றைக்கு என்ன பிடிவாதம் என்று கேட்டுத்தான் வீடுகளில் முதுகில் ஒன்று வைக்கிறார்கள். மாண்டிசோரியின் பார்வையில் அது பிடிவாதமே அல்ல. நடக்கப் பழகும் குழந்தை நேற்று நான்கு அடி நடந்துவிட்டு இன்று விழுவது போன்றது அது. விழுந்ததற்காக யாரும் குழந்தையை அடிப்பதில்லை.

அவர் சொன்ன சுதந்திரம் மனம் போனபடி ஆடுவது அல்ல. பிறரைத் துன்புறுத்தும், தொந்தரவு செய்யும் செயலை ஆசிரியர் உடனே நிறுத்த வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் வேலையில் மூழ்கிய குழந்தையின் பக்கம் போகவே கூடாது, பாராட்டக்கூடக் கூடாது. குறுக்கிட வேண்டிய இடமும் விலக வேண்டிய இடமும் தெரிவதுதான் பயிற்சி. நம் ஆசிரியர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். அமைதியாக எதையோ அடுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுப் பாடம் கேட்டார்கள். பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுபவனைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு மறந்தார்கள்.

மற்றவர்களைத் தொடர்ந்து தொந்தரவு செய்யும் குழந்தையை மூலையில் ஒரு சிறு மேசையில் தனியே உட்காரவைத்து, அதற்குப் பிடித்த பொருட்களைக் கொடுத்து, மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்க்கும்படி விடுவது மாண்டிசோரியின் ஆரம்பகால வழக்கம். நோயுற்ற குழந்தையிடம் காட்டும் பரிவை அதனிடம் காட்ட வேண்டும் என்றார். இதுவும் தனிமைப்படுத்தும் தண்டனைதானே என்று கேட்க இடமுண்டு. பரிவு என்ற பெயரில் செய்தாலும், எல்லோரும் சேர்ந்திருக்கும்போது தான் மட்டும் மூலையில் இருப்பதைக் குழந்தை வேறெப்படி எடுத்துக்கொள்ளும்?

பெயர்ப்பலகை

அடையாறில் பயின்றவர்கள் நாடெங்கும் பள்ளிகள் நடத்தினர். எனினும் மாண்டிசோரியின் கருவிகள் விலை அதிகமானவை, பயிற்சி ஆங்கிலத்தில் இருந்தது. நகரத்து வசதியான குடும்பங்களின் பிள்ளைகளைத் தாண்டி அது அதிகம் போகவில்லை. பெயர் மட்டும் வெகுதூரம் போனது. மூன்று வயதுப் பிள்ளையை பெஞ்சில் உட்காரவைத்து ஏ, பி, சி, டி எழுதவைக்கும் நர்சரிகளின் பலகைகளில் மாண்டிசோரி என்ற சொல் ஏறியது. இலங்கையில் முன்பள்ளிக்கே அதுதான் பேச்சுவழக்குப் பெயர். பிரம்பை எதிர்த்தவரின் பெயர் எழுதிய பலகைக்குப் பின்னால் அடி ஸ்கேலும் இருந்தது.

ஏணியும் அட்டையும்

அரசுப் பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்கு இந்த வழிமுறை வேறொரு பாதையில் வந்தது. ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி மையம், பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் படிக்கும் ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளைக் கொண்ட பாடமுறையை உருவாக்கியிருந்தது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் 2003-இல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அதைத் தழுவிய முறையைத் தொடங்கினார். மாண்டிசோரிக் கருவிகளும் அதில் சேர்ந்தன. செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் அது 2007-08-இல் மாநிலம் முழுவதும் சுமார் 37,000 தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஒரு மாநிலம் தன் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஒரே நேரத்தில் வகுப்பறையின் அமைப்பையே மாற்றியது அரிதான நிகழ்வு.

ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பாய்களில் குழுக்களாக அமர்ந்தனர். ஆசிரியரும் தரையில் அமர்ந்தார். பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு அட்டைகளில் இருந்தது. சுவரில் தொங்கிய கற்றல் ஏணியைப் பார்த்துக் குழந்தை தான் நிற்கும் படியைத் தெரிந்துகொள்ளும், அதற்குரிய அட்டையைத் தானே எடுக்கும், அட்டையில் உள்ள சின்னத்துக்குரிய குழுவில் போய் உட்காரும். வருகையையும் தானே பதியும். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத ஓரிடம் கரும்பலகையாகத் தீட்டப்பட்டது. நான்கு நாள் பள்ளிக்கு வராத பிள்ளை திரும்பி வந்தால் விட்ட படியிலிருந்து தொடரும்.

இந்தக் கடைசி அம்சம் சிறியதாகத் தோன்றலாம். கூலி வேலைக்குப் பெற்றோர் ஊர் மாறும்போது பள்ளியைத் தவறவிடும் பிள்ளை பழைய முறையில் திரும்பி வந்த அன்றே அடி வாங்கும். வராததற்கு ஒன்று, நடந்து முடிந்த பாடம் தெரியாததற்கு ஒன்று. ஏணி முறையில் அந்த இரண்டாவது குற்றமே இல்லாமல் போனது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் இருந்தால்தானே பின்தங்கியவன் என்று ஒருவன் இருப்பான்! கை கட்டி வாய் பொத்தி உட்கார வேண்டிய தேவை இல்லாததால் அதை மீறுவதும் குற்றமாகவில்லை. திண்ணைப் பள்ளியின் தன் வேகப் படிப்பு அரசுப் பள்ளிக்குத் திரும்பி வந்தது, இம்முறை கோதண்டம் இல்லாமல்.

குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தால் மாற்று வர நாளாயிற்று. ஒரே ஆசிரியர் ஆறு குழுக்களையும் கவனிப்பது பல பள்ளிகளில் ஏட்டளவில்தான். வகுப்பில் எப்போதும் சத்தம் இருந்தது, பாடப்புத்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. எனவே பள்ளியில் ஒன்றுமே நடப்பதில்லை என்று பெற்றோர் நினைத்தனர். அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்ற எண்ணம் அவ்வளவு ஆழமானது. 2012-13-இல் முப்பருவப் பாடநூல் முறை வந்தபின் அட்டைகளின் இடம் சுருங்கியது. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஆடல் பாடல்களையும் நிலைவாரிக் குழுக்களையும் தக்கவைத்துக்கொண்டது.

விதி மாறியபோது

செயல்வழிக் கற்றல் தொடங்கிய அதே 2003-ஆம் ஆண்டில்தான் தமிழ்நாடு அரசு 51-ஆவது விதியைத் திருத்தியது. ஆறு அடிக்கான அனுமதி நீங்கியது. குழந்தையைத் திருத்தும்போது உடலுக்கோ மனத்துக்கோ வலி தரக்கூடாது என்று விதி மாறியது. மனவலியையும் சேர்த்தது இதில் குறிப்பிடத்தக்கது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் நாடு முழுக்கத் தடை செய்தது. மீறும் ஆசிரியர் மீது பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்கலாம். 2012-இல் தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்நெறிகளை எல்லாப் பள்ளிகளிலும் செயல்படுத்தும்படி தமிழ்நாடு அரசுக்கு அறிவுறுத்தியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நெறிகளை நிறைவேற்ற ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்பதே நிலைமையைக் காட்டும்.

மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 விழுக்காட்டினர் பள்ளியில் அடி வாங்குவதாகக் கூறினர். ஆய்வு நடந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. பிரம்பைத் தடுக்கும் விதி வந்த பிறகு ஆசிரியர்களுக்கு அதற்கு மாற்றாக என்ன செய்வது என்ற பயிற்சி போதுமான அளவுக்குத் தரப்படவில்லை. கையைக் கட்டிவிட்டார்கள் என்ற புலம்பல் ஆசிரியர் அறைகளில் இன்றும் கேட்கிறது. நாற்பது பிள்ளைகளையும் ஒரே பாடத்தில் பிடித்து வைக்கும் பழைய வேலை அப்படியே இருக்க, கருவியை மட்டும் பறித்ததால் எழும் புலம்பல் அது.

சட்டத்தின் வரம்பு மிகச் சிறிய குழந்தைகளிடம் வந்து நின்றுவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கில் குழந்தை என்றால் ஆறு முதல் பதினான்கு வயது வரை. தமிழ்நாட்டின் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளிலும் எண்ணற்ற தனியார் நர்சரிகளிலும் உள்ள பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை. 2019-இல் அங்கன்வாடிகளோடு இணைத்து அரசு நடுநிலைப் பள்ளிகளில் 2,381 எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. அங்கே பாயில் உட்கார்ந்திருக்கும் மூன்றரை வயதுக் குழந்தைக்கு 17-ஆவது பிரிவின் பாதுகாப்பு கிடைப்பது அது ஒன்றாம் வகுப்புக்குப் போகும் வயதை எட்டிய பிறகுதான்.